திறந்தே கிடந்த நோட்டு

என் மனைவி கவிதை எழுதுவாள். கன்னடத்தில். எங்களுக்குக் கல்யாணமான 2006-க்கு முன்பிருந்தே எழுதுகிறாள். இரவு சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து நீல மையில் எழுதுவாள். எழுதி முடித்தால் நோட்டை மூடக்கூட மாட்டாள். பேனாவை நடுவில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். காலையில் நான் காபி குடிக்கும்போது அது என் எதிரே திறந்தே கிடக்கும்.

பதினாறு வருடம் அப்படிக் கிடந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது.

நான் கரூர்க்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு 2001-ல் பெங்களூருக்கு வந்தேன். அன்றிலிருந்து பீண்யாவில் டூல் டிசைன் வேலை. பிரஸ் டூல், ஜிக், ஃபிக்ஸர் என்று தொழிற்சாலையில் பாகங்கள் செய்ய உதவும் கருவிகள் எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுவது என் தொழில். காலையில் அந்த நோட்டைப் பார்க்கும்போது என் கண் எழுத்துகளின் வளைவைத்தான் அளக்கும். இந்த வளைவுக்கு ஆரம் எவ்வளவு இருக்கும், இதையும் அதையும் ஒரே கையசைவில் எழுதியிருப்பாளா என்று யோசிப்பேன். ஒரு பெண் தன் மனதை எழுதி வைத்திருக்கிறாள், நான் அதை ஒரு டிராயிங் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அவள் தமிழ் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது. என் அம்மாவோடு பேச வேண்டும் என்பதற்காகவே கற்றுக்கொண்டாள். எழுத்து தெரியாது, காது மட்டும்தான். தினமும் போனில் அம்மா சொல்வதைத் திருப்பித் திருப்பிச் சொல்வாள். எங்கள் பக்கத்தில் மனைவி கணவனை 'ஏனுங்க' என்று கூப்பிடுவாள். கன்னடத்தில் அதே இடத்தில் 'ஏன்ரீ' என்பார்கள். 'ஏனு'வோடு மரியாதைக்கு ஒரு 'ரீ'. இரண்டும் ஒரே அச்சு என்று முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். 'அத்தை'க்கு அவர்களிடமும் 'அத்தே'தான் என்று தெரிந்த அன்று இரண்டு பேரும் போனில் அரை மணி நேரம் சொந்தக்காரர்களின் பெயர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அக்கா, அண்ணா அண்ண, தங்கை தங்கி. இன்றைக்கு அவள் பேசும் தமிழில் கரூர் வாடை என்னைவிட அதிகம்.

எனக்கு அப்படி ஒரு தேவை வரவில்லை. வரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன் என்பதுதான் சரி. ஷாப் ப்ளோரில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். காய்கறி வாங்க எஷ்டு, பேடா, ஸ்வல்ப என்று நாலைந்து சொல் போதும். வீட்டில் எல்லாம் தமிழ். இந்த ஊரின் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருபது வருடம் அப்படியே ஓடிவிட்டது.

2022 தீபாவளி சமயத்தில் ஒரு கன்னடப் பத்திரிகையின் சிறப்பிதழில் அவளுடைய கவிதை ஒன்று வந்தது. காலையிலிருந்து போன் மேல் போன். என் மாமனார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அதைப் போனிலேயே உரக்கப் படித்தார். பாதியில் குரல் கம்மி நிறுத்திவிட்டார். அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தார். பதினொரு வயது மகள் பத்திரிகையை என்னிடம் கொண்டுவந்து, "அப்பா, இதுல நீங்க இருக்கீங்க" என்றாள்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் இரண்டு வரி படித்துப் பார்த்து, தமிழில் சொல்ல முயன்று, நிறுத்தி, இன்னொரு தடவை முயன்று, "அதுல இருக்கிற மாதிரி சொல்ல வரலப்பா" என்றாள். வீட்டில் எல்லோரும் என்னைப் பற்றி ஒன்றைப் படித்துவிட்டார்கள், நான் மட்டும் படிக்கவில்லை. அன்று இரவே மகளின் ஒன்றாம் வகுப்புக் கன்னடப் புத்தகத்தை அட்டைப்பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன்.

மனைவி அதைப் பார்த்ததும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னாள்: "நீங்க படிக்க மாட்டீங்கன்னுதான் அத்தனை தைரியமா எழுதி அப்படியே விட்டுட்டுப் போவேன்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நோட்டு என்னை நம்பித் திறந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் அறியாமையை நம்பித்தான் திறந்திருந்தது. "அப்போ நான் கத்துக்க வேண்டாமா?" என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்லவில்லை. மறுநாள் இரவு நோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அடுக்கினாள். மொத்தம் பதினொன்று. அதில் ஏழாவதை மட்டும் உருவித் தன் பீரோவில் வைத்துவிட்டு, "இது வேண்டாம். மத்ததெல்லாம் படிங்க" என்றாள். அந்த ஏழாவது நோட்டை நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கற்பது எப்படி இருக்கும் என்று விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் அந்த நாலு மாதம் என் வாழ்க்கையின் நல்ல மாதங்களில் சேர்த்தி.

கன்னடத்தில் நாற்பத்தொன்பது எழுத்து. தமிழுக்கு ஒரு 'க' போதும், இங்கே நான்கு. மகள் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்வாள், சிவப்புப் பேனாவால் திருத்துவாள். எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு வருகிறதே, அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். 'தலெகட்டு' என்றாள். எங்கள் ஊரில் கோயில் வரி போடும்போது எத்தனை தலைக்கட்டு என்றுதான் குடும்பங்களை எண்ணுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வோர் எழுத்தும் எனக்கு ஒரு குடும்பமாகத் தெரிய ஆரம்பித்தது.

கஷ்டப்பட்டது ஒத்தெழுத்தில். தமிழில் மெய்யெழுத்துக்கு மேலே ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த எழுத்தைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்விடுவோம். கன்னடத்தில் இரண்டாவது மெய் முதலாவதன் காலடிக்குப் போய்விடும், அதுவும் சில எழுத்துகள் அங்கே போனதும் உருவமே மாறிவிடும். மேலே 'த', கீழே அதே 'த'-வின் சின்ன வடிவம். இரண்டும் சேர்ந்து 'த்த'. உயிர்க்குறி மேலே இருக்கும் எழுத்தோடு ஒட்டும், ஆனால் ஒலிப்பது கீழே இருப்பதற்குப் பிறகு. கண் ஒரு வழியில் போக, நாக்கு வேறு வழியில் போக வேண்டும். இதற்கே மூன்று வாரம் பிடித்தது.

படித்துப் பழகியதெல்லாம் மெட்ரோவில். சம்பிகே சாலையில் ஏறினால் எட்டாவது ஸ்டேஷன் பீண்யா. இந்தத் தடம் 2014-ல் திறந்தது. அதில் எத்தனையோ நாள் போயிருக்கிறேன், எந்தப் பலகையிலும் கன்னட வரியைப் பார்த்ததில்லை. இப்போது ஸ்ரீராம்புரம், குவெம்பு சாலை, ராஜாஜிநகர், மஹாலக்ஷ்மி என்று ரயில் நிற்பதற்குள் எழுத்துக் கூட்டிவிட வேண்டும் என்று எனக்கு நானே பந்தயம் கட்டுவேன். கொரகுண்டேபாள்யவைக் கதவு மூடுவதற்குள் படித்த அன்று, பக்கத்தில் நின்ற பெரியவர் என் உதடு அசைவதைப் பார்த்திருக்க வேண்டும். "சரியாகி ஓதிதிரி" என்றார். சரியாகப் படித்தீர்கள் என்று.

ஓதிதிரி. அந்த ஒரு சொல்லில் எனக்கு இன்னொரு கதவு திறந்தது. கன்னடத்தில் படிப்பதற்கு 'ஓது'. நாம் அதை வேதத்துக்கும் தேவாரத்துக்கும் ஒதுக்கி வைத்துவிட்டோம். அவர்கள் பஸ் டிக்கெட்டையும் ஓதுகிறார்கள். எழுதுவதற்கு 'பரெ', பம்பரத்தில் வரும் இரண்டாவது 'ப' போல அதிர்த்துச் சொல்ல வேண்டும். அது நம் 'வரை'தான். நமக்கு வா, அவர்களுக்கு பா. வெண்ணெய் அங்கே பெண்ணெ. வேர் அங்கே பேரு. வரை, பரெ. நான் வரைவதைத் தொழிலாக வைத்திருக்கிறேன், என் மனைவி இரவில் உட்கார்ந்து 'பரெ'கிறாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

'ப' ஒரு தனிக் கதை. பழைய கன்னடத்தில் 'ப'-வாக இருந்தவை பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல 'ஹ' ஆகிவிட்டன. பால் ஹாலு. பூ ஹூவு. பல் ஹல்லு. பகல் ஹகலு. பாட்டு ஹாடு. ஜாலஹள்ளி, தாசரஹள்ளியில் வரும் ஹள்ளி நம் திருச்சிராப்பள்ளியின் பள்ளிதான். கன்னடத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று ஹாசன் மாவட்டத்தில் ஹல்மிடியில் கிடைத்தது, சுமார் கி.பி. 450. அந்தக் கல்லில் ஊரின் பெயர் 'பல்மடி' என்றே இருக்கிறது. அந்தக் காலத்துக் கன்னடத்தில் நம் 'ழ'-வுக்கு ஈடான எழுத்தும் இருந்தது. பிறகு வழக்கொழிந்து போனது. வாழை இப்போது பாளெ.

சரி, நாம்தான் பழையதைக் காப்பாற்றினோம் என்று மார்தட்ட முடியுமா என்றால் அதுவும் முடியாது. நமக்குச் செவி, அவர்களுக்குக் கிவி. நமக்குச் சேரி, அவர்களுக்குக் கேரி. இந்த இடத்தில் மூத்த ஒலி 'க'. அதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், நாம் 'ச' ஆக்கிவிட்டோம். ஒரே தாயின் நகைகளை இரண்டு மகள்கள் பிரித்து வைத்திருப்பதுபோல ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. மாமனாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அத்தனை சந்தோஷம். கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ்தான், அவர்தான் 1983-ல் கன்னடத்துக்கு ஞானபீடம் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லி, என் தோளில் தட்டினார்.

எனக்கு ரொம்பப் பிடித்த சொல் 'திளி'. கன்னடத்தில் 'திளியிது' என்றால் புரிந்தது, தெரிந்தது. 'திளி நீரு' என்றால் தெளிந்த தண்ணீர். நம் 'தெளி'யேதான். கலங்கிய தண்ணீரை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அதைக் கலக்காமல் காத்திருப்பது. எனக்கு எழுத்துகள் அப்படித்தான் தெரிய வந்தன. முட்டி மோதிய நாட்களில் வரவில்லை. நாலு நாள் விட்டுவிட்டுப் பார்த்தால் அடியில் மண் தங்கி, மேலே சொல் தெரிந்தது.

அப்புறம் நோட்டுகளுக்கு வந்தேன். ஒன்றாவதிலிருந்து வரிசையாக. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். தவறாகவும் புரிந்துகொண்டேன். ஒரு கவிதையில் 'நம்ம சம்சார' என்று வந்தது. தமிழில் சம்சாரம் என்றால் மனைவி, ஆகவே தன்னைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அந்தக் கவிதையோடு மல்லுக்கட்டினேன். கன்னடத்தில் அது குடும்பம். நாங்கள் மூன்று பேரும், குக்கரும், கொடியில் காயும் துணியும் எல்லாம் சேர்ந்தது.

இன்னொன்று கவனித்தேன். அவள் என்னை நேரில் ஒரு நாளும் 'நீ' என்றதில்லை. தமிழில் 'வாங்க', கன்னடத்தில் 'பன்னி'. ஆனால் கவிதைகளில் நான் 'அவன்'. 'பந்த' என்று எழுதுகிறாள், வந்தான். முதல் தடவை அதைப் படித்தபோது, கூட்டத்தில் யாரோ நம்மை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தேன்.

ஐந்தாவது நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் 12-9-2016 என்று தேதி போட்டிருந்தது.

அந்தத் தேதியைப் பெங்களூர்த் தமிழர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. காவிரியில் தினமும் வினாடிக்கு 15,000 கனஅடி விடச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் அன்று 12,000 ஆகத் திருத்தியது. மத்தியானத்துக்குள் ஊர் கலவரமாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. இரவில் 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. என் பைக் கரூரில் வாங்கியது, டிஎன் 47. கம்பெனியில் உடன் வேலை பார்த்த ஹாசன்காரர் ஒருவர், "அதை இங்கயே விடுங்க, என் பின்னாடி உக்காருங்க. யாராவது நிறுத்தினா நான் பேசறேன், நீங்க வாயே திறக்காதீங்க" என்றார். அவருடைய வண்டியில் சந்துபொந்துகள் வழியாக வந்து சேர்ந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் மனைவியின் போன் வந்தது. முதல் தடவையாக என்னோடு கன்னடத்தில் பேசினாள். "மாத்தாட்பேடி. சும்னே கேளி." பேசாதீங்க, சும்மா கேளுங்க. ரோட்டில் ஒரு வார்த்தை தமிழ் வேண்டாம், போன் பெல் அடித்தாலும் எடுக்க வேண்டாம், வீட்டுக்கு வாங்க. வைத்துவிட்டாள்.

இதே யோசனையை ஹாசன்காரர் சொன்னபோது எனக்கு நன்றியாக இருந்தது. அவள் சொன்னபோது அடித்ததுபோல் இருந்தது. பத்து வருடம் தமிழில் பேசியவள், ஊரில் தீ வைத்த நேரத்தில் தன் மொழிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று மனதில் பதிந்துவிட்டது. பயத்தில் யோசிப்பது யோசனை இல்லை, ஆனால் அது அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆனது. அந்த விஷயத்தை மட்டும் நாங்கள் இருவரும் எடுக்கவே இல்லை. ஆறு வருடம் கழித்து, அந்த இரவு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி எனக்கு முன்னால் வந்து நின்றது.

கவிதையின் தலைப்பு 'ஹொத்து'. ஹ-வை ப-வாக்கிப் பார்த்தேன். பொத்து. மாமனார் சொன்னார், அது பழைய கன்னடத்தின் 'பொழ்து', நம் பொழுது. சரி என்று முதல் வரிக்குப் போனால், 'ஹொத்து ஹோகலில்ல'. பொழுது போகவில்லை. இரண்டாவது வரியில் மறுபடி அதே ஒலி, ஊர் 'ஹொத்திகொண்டித்து'. இங்கே அது தீப்பற்றுவது. கீழே போனால் 'மௌன ஹொத்து பந்த'. மௌனத்தைச் சுமந்து வந்தான். 'ஹொரு' என்றால் சுமப்பது, நம் 'பொறு'வின் உறவு. அதன் இறந்தகால எச்சமும் 'ஹொத்து'.

காலம், தீ, சுமை. மூன்றுக்கும் ஒரே சொல். அவள் வேண்டுமென்றே தேடிப் பிடித்து வைத்ததில்லை என்று பிறகு கேட்டபோது சொன்னாள். முதல் வரி வந்ததாம், மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே வந்தனவாம்.

இதைத் தமிழில் சொல்லிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான் வாழ்க்கையில் ஒரு கவிதை எழுதியதில்லை. ஆனால் டூல் டிசைனில் ஒரு விஷயம் உண்டு. ஒரு பாகத்தில் மூன்று வேலை செய்யும் ஒரு துளை இருக்கும். அதை மூன்று துளையாக மாற்றினால் வேலை நடக்கும், பாகம் பலவீனமாகிவிடும். மூன்று மாதம் அந்த ஒரு துளையோடு கிடந்தேன். 'பற்று' என்று தலைப்பு வைத்துப் பார்த்தேன். ஊர் பற்றியது, மௌனத்தைப் பற்றிக்கொண்டு வந்தான். தீயும் சுமையும் வந்துவிட்டன, மனதின் பற்றும் கூடவே வந்தது. ஆனால் காலம் விட்டுப்போனது. பொறுக்க, பொழுது என்று ஓசையை மட்டும் பிடித்துப் பார்த்தேன். காதுக்கு நன்றாக இருந்தது, உள்ளே காலியாக இருந்தது. கடைசியில் சொல்லாட்டத்தை விட்டுவிட்டு, நடந்தது மட்டும் வந்தால் போதும் என்று எழுதினேன்:

பொழுது போகவில்லை.
ஊர் பற்றிக்கொண்டது.
என் மொழியில் அவனோடு பேசினேன்,
கதவைத் தாழ் போடுவதுபோல்.
அவன் வந்தான்,
தன் மொழியைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடி,
மௌனத்தைச் சுமந்து.
டப்பாவைக் கழுவும்போது
அடியில் ஒட்டியிருந்த ஒற்றைப் பருக்கையை
வாயில் போட்டுக்கொண்டேன்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் டியூஷன் போயிருந்தபோது, நான் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றாள். வாசித்தேன்.

"ஹொத்து போயிடுச்சே" என்றாள். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தாள். அப்புறம், "அந்த நாலாவது வரி. நான் 'பாகிலு ஹாகிதந்தெ'ன்னுதானே எழுதியிருக்கேன்?" என்றாள்.

பாகிலு என்றால் வாயில், கதவு. கதவைச் சாத்தியதுபோல். அவ்வளவுதான் மூலத்தில் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து சாத்தினாள் என்று இல்லை. முதல் வரைவில் நானும் 'முகத்தில் கதவைச் சாத்துவதுபோல்' என்றுதான் எழுதியிருந்தேன், ஏனென்றால் ஆறு வருடமாக எனக்கு அப்படித்தான் ஞாபகம். பிறகு அந்தக் கடைசிப் பருக்கையைப் படித்துப் படித்து, அந்த வரி எனக்குச் சந்தேகமாகிவிட்டது. தாழ் என்று மாற்றினேன். தாழ் உள்ளே இருப்பவர்கள் போடுவது.

இதை அவளிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள இருந்துதான்" என்றாள். "நீங்களும் உள்ளதான் இருந்தீங்க. அதுக்குத்தானே சாத்தினேன்."

எழுந்து போய் ஐந்தாவது நோட்டை எடுத்து வந்தாள். பேனாவைத் தேடி, நாலாவது வரிக்கு மேலே, இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு குறி போட்டு, 'ஒளகிந்த' என்று எழுதினாள். உள்ளிருந்து. இந்தத் தடவை எழுத்துக் கூட்டாமலே படித்தேன்.

இப்போது என் தமிழில் அந்த வரியை மறுபடி எழுத வேண்டும்.